நோய் தீர்க்கும் கடலும் நோயுற்ற நகரங்களும்

இங்கிலாந்துக்குச் செல்லும் இலக்கிய நண்பர்கள் அங்கே என்னென்ன பார்க்கவேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே வரிசைதான் பதிலாகக் கிடைக்கும். லண்டன் அருங்காட்சியகங்கள், ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு, வேர்ட்ஸ்வொர்த்தின் ஏரிப்பகுதி. கடற்கரை நகரங்கள் இந்த வரிசையில் வருவதில்லை. வந்தாலும் 'நேரமிருந்தால்' என்ற ஒட்டுச்சொல்லுடன்தான் வரும். குளிர்ந்த கடல், எந்நேரமும் பெய்யக்கூடிய மழை, காசு போட்டு ஆடும் சூதாட்டப் பொறிகள், தெருவெங்கும் வறுத்த மீனின் எண்ணெய் வாசனை. இதில் இலக்கிய வாசகனுக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுவது இயல்பே.

என் தரப்பு இதற்கு நேர்மாறானது. ஒரு வாரம் மட்டுமே கையிலிருப்பவர்கூட லண்டனுக்கு மூன்று நாட்களைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கடற்கரையில் கழிக்கலாம் என்பேன். ஆனால் அங்கே எதைப் பார்ப்பது என்பதில் சுற்றுலாக் கையேடுகளுடன் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. கையேடுகள் கடலைக் காட்டுகின்றன. கடலை நம்பி உருவாகி, கடலாலேயே கைவிடப்பட்ட நகரத்தைக் காட்டுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவரை அந்தக் கரையைப் பார்த்ததாகவே ஆகாது.

இங்கிலாந்தில் கடற்கரை விடுமுறை கேளிக்கையாகத் தொடங்கவில்லை. மருத்துவச் சீட்டாகத் தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை கடல் பெரும்பாலும் மீனவருக்கும் மாலுமிக்கும் உரிய இடம். வசதி படைத்தோர் உடல்நலம் நாடிச் சென்றது பாத் போன்ற உள்நாட்டு ஊற்று நகரங்களுக்குத்தான். 1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரைப் பயன்படுத்துவது குறித்து லத்தீனில் ஒரு நூலை வெளியிட்டார். கடலில் மூழ்கி எழுவதோடு கடல்நீரைக் குடிப்பதும் அவருடைய சிகிச்சையில் அடக்கம். அவர் குடியேறிய சிறு மீனவ ஊர்தான் பின்னாளில் பிரைட்டன் என்ற பெருநகரானது. சக்கரம் பூட்டிய மரக்கூண்டுகளுக்குள் உடைமாற்றிக்கொண்டவர்களைக் குதிரைகள் கூண்டோடு கடலுக்குள் இழுத்துச் சென்றன. நோயாளியைப் பிடித்து நீரில் அமிழ்த்தி எடுப்பதற்கென்றே கூலிக்கு ஆட்கள் இருந்தனர். பிரைட்டனில் இப்பணியைச் செய்த மார்த்தா கன் என்ற பெண்மணியின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது.

இந்தப் பின்புலத்தைத் தெரிந்துகொண்டு வாசித்தால் ஆங்கில இலக்கியத்தில் கடற்கரை ஏன் இத்தனை நோயாளிகளோடு வருகிறது என்பது புலப்படும். 1818இன் வசந்தத்தில் கீட்ஸ் டெவன் கடற்கரையிலுள்ள டின்மத்தில் தங்கியது, காசநோயில் இளைத்துக்கொண்டிருந்த தம்பி டாமைப் பார்த்துக்கொள்வதற்காக. அவ்வாண்டு டிசம்பரிலேயே டாம் இறந்துபோனார். ஓவியர் கான்ஸ்டபிள் 1824 முதல் சில ஆண்டுகள் பிரைட்டனுக்குத் திரும்பத் திரும்ப வந்தது காசநோயுற்ற மனைவி மரியாவுக்காக. அந்நகரின் நாகரிகப் பகட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவருடைய மிகச் சிறந்த கடற்காட்சிகள் சில அந்த அலைக்கழிப்பின் விளைவாகவே நமக்குக் கிடைத்தன. ஜேன் ஆஸ்டின் 1817இல் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட 'சாண்டிடன்', ஒரு கடற்கரைக் கிராமத்தைச் சிகிச்சை நகரமாக விற்க முயல்வோரைப் பற்றிய எள்ளல். அதை எழுதும்போது அவர் தாமே கடும் நோயில் இருந்தார் என்பதும், அவ்வாண்டு ஜூலையில் மறைந்தார் என்பதும் அந்த எள்ளலுக்கு வேறொரு கனத்தைத் தருகின்றன.

பார்க்கவேண்டிய இடங்களுக்கு வருகிறேன். முதலில் பிரைட்டன். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1783இல் முதன்முறையாக இங்கு வந்தார். அவருக்காக 1815 தொடங்கி ஜான் நாஷ் மாற்றியமைத்த ராயல் பெவிலியன் அரண்மனையை எல்லாக் கையேடுகளும் சொல்லும். இந்தியாவுக்கு ஒருபோதும் வராத ஒருவர் எழுப்பிய முகலாயக் குவிமாடங்கள் வெளியே, சீனக் கற்பனை உள்ளே. ஆனால் அதே கட்டடத்தின் இன்னொரு அத்தியாயத்தை அறிந்துகொண்டு உள்ளே செல்வது நல்லது. 1914 டிசம்பர் முதல் 1916 ஜனவரிவரை அது மருத்துவமனையாக இருந்தது. பிரான்சின் போர்க்களத்தில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்கள் அந்தச் சரவிளக்குகளின் கீழ்க் கட்டில்களில் கிடந்தனர். இங்கு சிகிச்சை பெற்றோர் 2,300க்கும் மேற்பட்டவர்கள். சாதி, சமய வேறுபாடுகளைக் கருதி ஒன்பது சமையற்கூடங்கள் அமைக்கப்பட்டன. பேரரசு தன் சிப்பாய்களை எப்படிப் பேணுகிறது பாருங்கள் என்று காட்டும் நிழற்படங்களும் அஞ்சலட்டைகளும் அச்சிட்டுப் பரப்பப்பட்டன. அதே நகரில், பழைய ஏழையர் விடுதியொன்றில் இயங்கிய கிச்சனர் இந்திய மருத்துவமனையிலோ, சிப்பாய்கள் விருப்பம்போல் ஊருக்குள் நடமாட முடியாதபடி காவல் போடப்பட்டிருந்தது. உபசாரமும் கண்காணிப்பும் ஒரே நேரத்தில் நடந்தன.

பிரைட்டனுக்கு வடக்கே புல்மேட்டின்மேல் 'சத்ரி' என்ற வெள்ளைப் பளிங்கு நினைவு மண்டபம் நிற்கிறது. இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேர் தகனம் செய்யப்பட்ட இடம் அது. அவர்களுடைய சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது. மண்டபம் 1921 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. வாகனம் அதுவரை செல்லாது. மேட்டுநிலப் பாதையில் நடந்துதான் போகவேண்டும். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அங்கே நினைவஞ்சலி நடக்கிறது. பெவிலியனைப் பார்ப்பவர்களில் மிகச் சிலரே இதுவரை நடக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பிரைட்டனில் ஒரு பகலை மட்டும் கழிப்பவர் அரண்மனையைக்கூட விட்டுவிடலாம், இந்த நடையை விடக்கூடாது.

அடுத்தது மார்கேட். லண்டனிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே வளைந்து கிடக்கும் மணல் விரிகுடா. இடப்புறம் சற்றுத் தள்ளி, கடலைப் பார்த்தபடி மரமும் இரும்புமாக ஒரு காற்றுத் தடுப்பு மண்டபம். பேருந்து நிறுத்தம் என்றெண்ணிக் கடந்துபோய்விடக்கூடிய அளவுக்கு எளிய கட்டடம். 1921இன் இலையுதிர் காலத்தில், நரம்புத் தளர்ச்சிக்கு ஆளாகி வங்கி வேலையிலிருந்து விடுப்புப் பெற்ற டி.எஸ். எலியட் மார்கேட்டின் கிளிஃப்டன்வில் பகுதியில் சில வாரங்கள் தங்கினார். இந்த மண்டபத்தில் உட்கார்ந்துதான் 'பாழ்நிலம்' கவிதையின் மூன்றாம் பகுதியில் சில வரிகளை எழுதினார். மார்கேட்டின் மணல் அக்கவிதையில் பெயர் சொல்லியே வருகிறது. நவீனக் கவிதையின் மிகப் பெரிய நிகழ்வுகளில் ஒன்று, மருத்துவ விடுப்பில் வந்த ஒரு குமாஸ்தா கடற்கரை இருக்கையில் அமர்ந்து எழுதியது. எலியட்டின் வாசகர்கள் அந்த இருக்கையில் அரைமணி நேரம் சும்மா உட்காரலாம். கட்டணம் எதுவுமில்லை.

மார்கேட்டில் பார்க்க வேறு பலவும் உண்டு. திருமதி பூத் என்ற பெண்மணியின் விடுதியில் ஓவியர் டர்னர் தங்குவது வழக்கம். அந்த விடுதி இருந்த இடத்தில் 2011இல் டர்னர் கன்டெம்பரரி கலைக்கூடம் திறக்கப்பட்டது. 1835இல் கண்டெடுக்கப்பட்ட சிப்பிக் குகையின் சுவர்களில் சுமார் 46 லட்சம் சிப்பிகள் பதிக்கப்பட்டுள்ளன. யார், எதற்காகப் பதித்தார்கள் என்பது இன்றுவரை விடுபடாத புதிர். வால்போல் விரிகுடாவில் 1937இல் கட்டப்பட்ட ஓதநீர்க் குளம் இருக்கிறது. கடல் ஏறும்போது சுவர்களை மூழ்கடித்து நிரம்பும், இறங்கும்போது நீரைத் தேக்கிக்கொள்ளும். ட்ரீம்லேண்ட் கேளிக்கைப் பூங்காவில் 1920இல் ஓடத் தொடங்கிய மரத்தாலான உருள்வண்டிப் பாதை 2008இல் தீக்கிரையாகி, மீட்டுக் கட்டப்பட்டு 2015இல் மறுபடி ஓடியது.

ஆனால் எலியட்டின் மண்டபத்திலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால் தென்படும் ஒரு நீண்ட கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள் என்பதே என் வேண்டுகோள். கண்டமாலை நோயுற்ற லண்டன் ஏழைகளுக்காக மருத்துவர் ஜான் கோக்லி லெட்சம் முன்னின்று 1791இல் நிறுவிய கடல்நீராட்டு மருத்துவமனை அது. செல்வர்களுக்கு மட்டும் எட்டிய கடற்காற்றை ஏழைகளுக்கும் தரவேண்டும் என்பது அதன் நோக்கம். காசநோயாளிகளைத் திறந்த வெளித் தாழ்வாரங்களில் படுக்கவைத்துக் காற்றும் வெயிலும் படச்செய்த முன்னோடி நிறுவனங்களில் ஒன்று. இருநூறு ஆண்டுகள் இயங்கி 1996இல் மூடப்பட்டது. இன்று அங்கே இருப்பவை கடல் பார்க்கும் அடுக்குமாடி வீடுகள். ஏழைக்கென்று கட்டப்பட்ட கடற்காட்சி மறுபடியும் விலைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தின் கடற்கரை வரலாறு முழுவதையும் அந்த ஒரு கட்டடத்தில் படித்துவிடலாம்.

ஏழைகள் கடலுக்கு வந்த கதையின் உச்சம் வடமேற்கில், பிளாக்பூலில் இருக்கிறது. 1846இல் ரயில் வந்தபின் லங்காஷயர் பருத்தி ஆலைத் தொழிலாளர்களின் கடற்கரையாக அது மாறியது. கோடையில் ஒவ்வோர் ஆலை நகரமும் ஒவ்வொரு வாரத்தில் முற்றிலுமாக மூடப்படும். கொதிகலன்கள் பழுதுபார்க்கப்படும், ஊரே கிளம்பிக் கடலுக்குப் போகும். அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆண்டு முழுவதும் வாராவாரம் சிறு தொகை கட்டிச் சேர்க்கும் சேமிப்புக் குழுக்கள் இதற்கென்றே ஆலைகளில் இருந்தன, நம் சீட்டுக் கட்டுவதைப் போல. வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது 1871இல். ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்ற கொள்கை சட்ட வடிவம் பெற்றதோ 1938இல்தான். அடுத்த ஆண்டே போர் தொடங்கிவிட்டதால் அதன் முழுப் பயனும் 1945க்குப் பிறகே மக்களைச் சென்றடைந்தது. கடற்கரையில் ஒரு தொழிலாளி துணி நாற்காலியை விரித்துச் சாய்ந்துகொள்ளும் காட்சிக்குப் பின்னால் இத்தனை ஆண்டுப் போராட்டம் இருக்கிறது.

1894இல் திறக்கப்பட்ட பிளாக்பூல் கோபுரத்தின் உயரம் 158 மீட்டர். பாரிஸ் கோபுரத்தைப் பார்த்துச் செய்ததுதான். அதை நகல் என்று ஏளனம் செய்வோர் உண்டு. பாரிஸுக்குப் போக வழியற்றவர்களுக்காகக் கட்டப்பட்டது என்று பார்த்தால் ஏளனம் அடங்கிவிடும். கோபுரத்தின் அடியிலுள்ள நடனக் கூடத்தில் ஆர்கன் இசைக்கு முதிய தம்பதிகள் ஆடுவதை இன்றும் காணலாம். இலையுதிர் காலத்தில் கடற்கரைச் சாலை முழுவதும் ஒளிரும் விளக்கு அலங்காரத்தின் தொடக்கம் 1879. டிராமில் அமர்ந்து அதைக் கடந்துபோவதுதான் அழகு. கடலுக்குள் இரும்புக் கால்களில் நீளும் நடைமேடைகளான பியர்கள் இங்கே மூன்று இருக்கின்றன. 1863இல் திறந்த வடக்குப் பியரை வடிவமைத்தவர் யூஜீனியஸ் பர்ச். மார்கேட்டின் பியரும் (1855) பிரைட்டனின் மேற்குப் பியரும் (1866) அவர் கைவண்ணம்தான். மார்கேட்டில் இருந்ததை 1978இல் புயல் கொண்டுபோனது. பிரைட்டனில் இருந்தது 1975இல் மூடப்பட்டு 2003இல் எரிந்து, கடலுக்குள் எலும்புக்கூடாக நிற்கிறது.

இந்தக் கேளிக்கைகளை மலினம் என்று ஒதுக்கும் வாசகருக்கு ஆர்வெல்லை நினைவூட்ட விரும்புகிறேன். கடற்கரைக் கடைகளில் விற்ற கொச்சையான நகைச்சுவை அஞ்சலட்டைகளைப் பற்றி, அவற்றை வரைந்த டொனால்ட் மெக்கில்லை முன்வைத்து, அவர் 1941இல் ஒரு முழுக் கட்டுரையே எழுதினார். கிரஹாம் கிரீன், உடைத்தாலும் கடித்தாலும் உள்ளே ஊரின் பெயர் தொடர்ந்து வரும் குச்சி மிட்டாயின் பெயரையே தம் நாவலுக்குச் சூட்டினார். 'பிரைட்டன் ராக்' வெளிவந்ததும் 1938இல்தான். ஊதிய விடுப்புச் சட்டம் வந்த அதே ஆண்டு, ஒருநாள் விடுமுறைக்கு வந்த பெருங்கூட்டத்தின் நடுவே ஒரு மனிதன் கொலையாளிகளுக்கு அஞ்சி அலைவதோடு தொடங்கும் நாவல்! மலிவான பொருட்களில் ஒரு சமூகத்தின் ஆசைகள் படிந்திருக்கின்றன என்பதை இவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி என் தரப்பின் மையத்துக்கு வருகிறேன். 1960களுக்குப் பிறகு மலிவான விமானப் பயணம் ஆங்கிலேயரை ஸ்பெயினின் வெயிலுக்கு அழைத்துச் சென்றுவிட்டது. கடற்கரை விடுதிகள் காலியாயின. பெரிய வீடுகள் ஒற்றை அறைகளாகத் தடுக்கப்பட்டுக் குறைந்த வாடகைக்கு விடப்பட்டன. வேறு ஊர்களில் வாழ வழியற்றோர் அங்கே வந்து சேர்ந்தனர். இளைஞர்கள் வேலைதேடி வெளியேற, ஓய்வுபெற்ற முதியோர் குடியேறினர். இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அலுவலர் கிறிஸ் விட்டி தம் 2021ஆம் ஆண்டறிக்கை முழுவதையும் கடற்கரைச் சமூகங்களின் உடல்நலத்துக்கென ஒதுக்கினார். நாட்டின் மிக மோசமான உடல்நலக் குறியீடுகளில் பல கடற்கரை நகரங்களிலேயே காணப்படுகின்றன என்பது அதன் சாரம். பருவகால வேலைகள், தரமற்ற வீடுகள், மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை என்று காரணங்கள் நீள்கின்றன. ஆண்களின் சராசரி ஆயுட்காலம் இங்கிலாந்திலேயே மிகக் குறைவான இடமாகப் பல ஆண்டுகளாகப் பதிவாகிவருவது பிளாக்பூல்.

ஒரு நாடே நலம்பெறச் சென்ற இடம் இன்று அந்நாட்டின் நோயுற்ற இடங்களில் ஒன்று. மருந்தாக விற்கப்பட்ட கடல்நீரின் நிலையும் அதுவே. கனமழையின்போது கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி வழியாமலிருக்கத் திறக்கப்படும் மதகுகள் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் கலக்கின்றன. 2010க்கும் 2015க்கும் இடையே கென்ட், சஸ்ஸெக்ஸ், ஹாம்ப்ஷயர் கரைகளில் சட்டவிரோதமாகக் கழிவைக் கலந்ததற்காகச் சதர்ன் வாட்டர் நிறுவனத்துக்கு 2021 ஜூலையில் 9 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. ரஸ்ஸல் குடிக்கச் சொன்ன நீர் இதுதான். மழை பெய்து ஓரிரு நாட்களுக்கு நீந்தாமலிருப்பதும், நீந்துமுன் அவ்விடத்து நீரின் தர அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதும் இன்று கடற்கரை விடுமுறையின் தவிர்க்கமுடியாத பகுதியாகிவிட்டன.

விடுமுறைக்குப் போகிறவனிடம் சமூகவியல் பாடம் நடத்துவது சரியா என்று நண்பர்கள் கேட்கலாம். ஓய்வெடுக்கத்தானே போகிறான், பிறர் துயரை எண்ணிக் கலங்குவதற்கா? இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. வறுமையைக் காட்சிப்பொருளாக்கி வேடிக்கை பார்க்கும் சுற்றுலாவும் அருவருப்பானதே. ஆனால் நான் கேட்பது அதையல்ல. ஓய்வு என்பது எல்லோருக்கும் உரியது என்ற எண்ணம் உருவாகி வளர்ந்த இடங்களில் இவை முக்கியமானவை. அந்த எண்ணத்துக்கு உழைத்தவர்களின் நகரங்கள் இவை. விடுதி அறையைப் பெருக்குகிறவரும் மீன் வறுக்கிறவரும் தமக்கான ஓய்வைப் பெறாமலிருக்கையில், கடலை மட்டும் நிழற்படமெடுத்துத் திரும்புவது கதையின் பாதியைக் கிழித்துவிட்டு வாசிப்பதற்கு ஒப்பானது.

ஆகவே போகிறவர்கள் கோடைக் கூட்டத்தை விட்டு ஏப்ரலிலோ செப்டம்பரிலோ போகலாம். ஊர்க்காரர் நடத்தும் சிறு விடுதியில், ஓரிரவாவது தங்கலாம். லண்டன்காரர்கள் வாங்கி வாடகைக்கு விடும் வீடுகள் உள்ளூர் வாடகையை ஏற்றிவிடுகின்றன என்ற புகார் மார்கேட் போன்ற இடங்களில் பலகாலமாக இருக்கிறது. அதையும் கருத்தில் கொள்ளலாம். காரை விட்டு ரயிலில், டிராமில் போகலாம். கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே நடந்து, பழைய புத்தகக் கடையிலோ தேநீர்க் கடையிலோ சற்று நேரம் பேச்சுக் கொடுக்கலாம். ஆங்கிலேயர் முன்பின் தெரியாதவரிடம் பேசமாட்டார்கள் என்பது லண்டனைப் பற்றிய உண்மையாக இருக்கலாம். கடற்கரை ஊர்களில், அதுவும் மழைநாளில், பேச ஆளின்றிக் காத்திருக்கும் முதியவர்கள் நிறையவே உண்டு. தட்பவெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஊரின் கதையை அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.